பொட்டாஷும் கரும்பொருளும்: படிகத்தின் மினுக்கத்தில் துகளை இனம் பிரிப்பது

சம்பாவுக்கு மேலுரம் போடும் பருவத்தில் மாணவன் ஒருவன் வீட்டிலிருந்து ஒரு கைப்பிடி பொட்டாஷ் கொண்டுவந்தான். செங்கல் பொடி நிறம். ஈரக் காற்றில் லேசாகக் கசிந்திருந்தது. எங்கள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோடியம் அயோடைடு படிகத்தின் முகத்துக்கு நேராக அதை ஒரு பாலிதீன் பையில் கட்டி வைத்து அரைமணி நேரம் எண்ண விட்டோம். திரையில் 1460 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் இருக்கும் இடத்தில் ஒரு மேடு மெல்ல எழுந்தது. பையை எடுத்துவிட்டு மறுபடியும் எண்ணினோம். மேடு சிறுத்துப் போனதே தவிர, அடியோடு மறையவில்லை. சுவரிலும் தரையிலும் சுற்றி நின்ற எங்கள் உடம்பிலும் அதே பொட்டாசியம் இருந்தது.

இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியத்தில் பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்று, அதற்குச் சற்று மேல், பொட்டாசியம்-40. அது தானாகச் சிதையும். ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறக்குறைய 31 அணுக்கள் சிதைகின்றன. வயலுக்கு வாங்கும் 50 கிலோ மூட்டையில் பாதி எடை பொட்டாசியம்தான். பெருக்கிப் பார்த்தால் மூட்டை ஒன்றில் நொடிக்கு ஏழரை லட்சத்துக்கு மேல் சிதைவுகள் வருகின்றன. இதைக் கேட்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. வளர்ந்த ஒருவர் உடம்பில் நொடிக்கு நாலாயிரம் சிதைவுகளுக்கு மேல் எப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் அண்டத்தின் கரும்பொருளைப் படிகத்தில் பிடிக்க முயல்கிறவர்களை முப்பது ஆண்டுகளாகத் தூங்கவிடாமல் செய்பவற்றில் முதல் வரிசையில் நிற்பது இந்தப் பொட்டாசியம். இந்தத் தேடலின் கதையை அதனால்தான் பொட்டாஷிலிருந்து தொடங்குகிறேன்.

விண்மீன் கூட்டங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவற்றைக் கட்டி வைக்கப் போதாது. 1933ல் ஃப்ரிட்ஸ் ஸ்விக்கி விண்மீன் கூட்டங்களின் கொத்து ஒன்றில் இதே பற்றாக்குறையைக் கவனித்தார். 1970களில் வேரா ரூபினும் அவருடைய கூட்டாளிகளும் விண்மீன் கூட்டங்களின் சுழற்சியை ஒவ்வொன்றாக அளந்து காட்டினார்கள். இன்றைய கணக்கில் சாதாரணப் பொருளைப்போல ஐந்து மடங்குக்கு மேல் கரும்பொருள் இருக்கிறது. அது துகளாக இருந்தால் நம் வழியாகவும் ஓயாமல் கடந்து போகிறது. எப்போதாவது ஒன்று ஓர் அணுக்கருவில் மோதி அதை உதைத்துத் தள்ள வேண்டும். அந்த உதைப்பின் ஆற்றல் சில கிலோ எலெக்ட்ரான் வோல்ட்தான். பொட்டாஷ் மேட்டோடு ஒப்பிட்டால் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

உதைபட்ட அணுக்கருவைக் கண்ணுக்குக் காட்டுவது மினுக்கப் படிகம். துகள் பட்டால் சில படிகங்கள் நொடிப்பொழுது மினுங்கும். நூறு ஆண்டுகளுக்கு முன் துத்தநாக சல்ஃபைடு பூசிய திரையை இருட்டறையில் உருப்பெருக்கி வழியே பார்த்து, ஒவ்வொரு மினுக்கையும் கண்ணால் எண்ணினார்கள் கைகரும் மார்ஸ்டெனும். அணுக்கரு என்ற ஒன்று இருப்பதே அந்த எண்ணிக்கையிலிருந்துதான் தெரியவந்தது. 1948ல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் சோடியம் அயோடைடில் துளி தாலியம் கலந்த படிகம் காமாக் கதிர்களுக்கு நன்றாக மினுங்குவதைக் காட்டினார். அந்தப் படிகம்தான் இன்றைக்கும் கல்லூரிக் கூடங்களில் அலுமினியக் குப்பிக்குள் இருக்கிறது. குப்பி இல்லாமல் அதை வைக்க முடியாது. உப்பின் இனம் அது. ஐப்பசி அடைமழையில் சமையலறை உப்பு ஜாடி என்ன பாடு படுமோ அதேதான் இதற்கும். எங்கள் பழைய படிகம் ஒன்றில் ஓரம் விட்டு ஈரம் ஏறி, ஒரே மழைக்காலத்தில் மஞ்சள் பூத்துப் போனது. அதன் பிறகு கூர்மையாக எழவேண்டிய மேடெல்லாம் மண் கரைந்த வரப்பு மாதிரிச் சரிந்தே எழுந்தது.

படிகம் மினுங்குகிறது என்பது சரி. யார் தட்டியதால் மினுங்குகிறது என்பதே கேள்வி. காமாக் கதிர் படிகத்துக்குள் எலெக்ட்ரானைத் தட்டிவிடும். எலெக்ட்ரான் லேசானது, நீண்ட பாதையில் ஆற்றலை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவிக்கொண்டே போகும். கரும்பொருளோ நியூட்ரானோ மோதினால் அசைவது கனமான அணுக்கரு. அது சில அடுக்கு அணுக்களைத் தாண்டுவதற்குள் கையில் இருப்பதையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிடும். நெருக்கமாகக் கொட்டப்பட்ட ஆற்றலில் பெரும்பகுதி ஒளியாகாமல் வெப்பமாகவே அணைந்துபோகிறது. இந்த ஒளி தணிவுக்கு 1951ல் பர்க்ஸ் ஒரு சூத்திரம் எழுதினார். அதே நெருக்கத்தால், தாலியம் கலந்த சோடியம் அயோடைடிலும் சீசியம் அயோடைடிலும் மினுக்கு அணையும் வேகமும் மாறுகிறது. எலெக்ட்ரான் தந்த மினுக்கு சோடியம் அயோடைடில் ஏறக்குறைய 230 நானோ நொடியில் தணியும். கனமான துகள் தந்தது அதைவிடச் சீக்கிரம் தணியும். இது எல்லாப் பொருளுக்கும் பொதுவான விதி அல்ல. சில கரிமத் திரவங்களில் நேர்மாறாக, கனமான துகளின் மினுக்கே இழுத்துக்கொண்டு போகும். திரவ ஆர்கானில் ஏழு நானோ நொடிக் கூறும் ஒன்றரை மைக்ரோ நொடிக் கூறும் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதால், அங்கே இனம் பிரிப்பது கிட்டத்தட்டப் பகலையும் இரவையும் பிரிப்பது போல. அயோடைடுப் படிகங்களுக்கு அந்த வசதி கிடையாது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. சீசியம் அயோடைடு ஈரத்துக்கு அவ்வளவு பயப்படாது. ஒரு முகத்தைத் திறந்தே வைக்கலாம். அதன்மேல் அமெரிசியம் மூலத்தை வைத்து அலைகாட்டியில் ஆல்ஃபாத் துடிப்புகளைச் சேகரித்தோம். பிறகு இடையில் ஒரு தாளைச் செருகி ஆல்ஃபாவை நிறுத்திவிட்டு, சீசியம் மூலத்தின் காமாத் துடிப்புகளை எடுத்தோம். இரண்டின் சராசரியையும் உச்சம் பொருந்த ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால் வால் பக்கம் பிரிந்தது. ஆல்ஃபாவின் கோடு கீழே, காமாவின் கோடு மேலே. பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி. அதற்குப் பிறகு படிகத்துக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய்க்கும் நடுவே ஊசித்துளை போட்ட கறுப்புத் தாளை வைத்து ஒளியைக் குறைத்தோம். வழுவழுப்பான கோடுகள் போய், அங்கங்கே சிதறிய குச்சிகள்தான் மிஞ்சின. எது ஆல்ஃபா, எது காமா என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை.

கரும்பொருள் தேடுகிறவர்களின் நிலை இந்தக் கறுப்புத் தாளுக்குப் பின்னால் இருப்பதுதான். ஆற்றல் 2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், ஒரு கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு 7 ஒளி எலெக்ட்ரான் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் கையில் கிடைப்பது 14 புள்ளிகள். 14 புள்ளிகளின் வருகை நேரத்தைக் கொண்டு அணையும் காலத்தைக் கணித்தால் பிழை நூற்றுக்கு 27 அளவில் இருக்கும். இந்தக் குறைந்த ஆற்றலில் அணுக்கருவின் மினுக்குக்கும் எலெக்ட்ரானின் மினுக்குக்கும் உள்ள வேறுபாடு அதைவிடச் சிறியது. ஆகவே ஒற்றை மினுக்கைப் பார்த்து இன்னார் என்று தீர்ப்புச் சொல்ல வழியே இல்லை. ஆனால் ஆயிரம் மினுக்குகளைச் சேர்த்தால் சராசரியின் பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது இந்தக் குவியலில் அணுக்கரு வகை எத்தனை பங்கு என்று சொல்லலாம். கொள்முதல் நிலையத்தில் மூட்டையைக் குத்தி மாதிரி எடுத்து, பதர் எவ்வளவு, கருக்காய் எவ்வளவு என்று சொல்கிறார்களே, அதே வகைத் தீர்ப்பு இது. எந்த மணி பதர் என்று சொல்லாது. குவியலின் தரத்தை மட்டும் சொல்லும்.

குவியல் தீர்ப்பில் ஓர் ஆபத்து இருக்கிறது. நெல்லும் பதரும் மட்டுமே இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டு கணக்குப் போடும்போது, மூன்றாவதாக ஒன்று கலந்திருந்தால் விடை மொத்தமும் பிசகிவிடும். இப்படி முதலில் அடிபட்டவர்கள் இங்கிலாந்துக் குழுவினர். அவர்கள் படிகங்களை வைத்திருந்த இடம் யார்க்ஷயரின் போல்பி சுரங்கம். 1100 மீட்டர் ஆழத்தில் உள்ள அது, வயலுக்குப் போடும் பொட்டாஷை வெட்டி எடுத்த சுரங்கமேதான். ஆய்வுக்கூடம் மட்டும் பொட்டாஷ் அடுக்கை விட்டு விலகி, கதிரியக்கம் குறைந்த கல்லுப்பு அடுக்கில் குடையப்பட்டிருந்தது. 1990களின் பிற்பகுதியில் அவர்களுடைய சோடியம் அயோடைடில் காமாவைவிட வேகமாக அணையும் மினுக்குகள் தெரிந்தன. கரும்பொருள்தான் வந்துவிட்டதோ என்று மனம் துள்ளும் இடம் அது. ஆனால் நியூட்ரானை விட்டுச் சோதித்தபோது கிடைத்த அணுக்கரு உதைப்பைவிடவும் அவை வேகமாக இருந்தன. நெல்லும் இல்லை, பதரும் இல்லை. கடைசியில் காற்றிலுள்ள ரேடான் வாயுவின் வாரிசு அணுக்கள் படிகத்தின் மேற்பரப்பில் புதைந்து, அங்கிருந்து ஆல்ஃபா விடுவதே காரணம் என்ற முடிவுக்கு வந்தார்கள். குப்பிக்குள் அடைக்காத, மேற்பரப்பைச் சுத்தம் செய்யக்கூடிய படிகங்களோடு அடுத்த சோதனையை அமைத்தார்கள். அவர்களின் பொறுமைக்கு நான் தலைவணங்குகிறேன். கண்டுவிட்டோம் என்று அறிவிக்க எல்லாச் சபலமும் இருந்த நேரத்தில், பதரின் பெயரைத் தேடிப் போனார்கள்.

கொரியாவின் கிம்ஸ் குழு இதே வழியில் சீசியம் அயோடைடை எடுத்துக்கொண்டது. யாங்யாங் நிலத்தடிக் கூடத்தில் பின்னாளில் 12 படிகங்கள், 100 கிலோவுக்கு மேல். 2007ல் வெளியான அவர்கள் முடிவு முக்கியமானது. துடிப்பின் வடிவத்தைக் கொண்டு குவியலைப் பிரித்து, அயோடின் அணுக்கருவில் கரும்பொருள் மோதுவதாகச் சொன்ன ஓர் உரிமைகோரலுக்கு இடமில்லை என்று காட்டினார்கள்.

அந்த உரிமைகோரல் இத்தாலியின் டாமா குழுவுடையது. கிரான் சாசோ மலைக்கடியில் 1400 மீட்டர் பாறைக்குக் கீழே, ரீட்டா பெர்னாபேயின் தலைமையில், முதலில் ஏறக்குறைய 100 கிலோ, 2003 முதல் 250 கிலோ சோடியம் அயோடைடு. 1996ல் அவர்களும் துடிப்பின் வடிவத்தைக் கொண்டுதான் எல்லை வகுத்தார்கள். பிறகு அதை விட்டுவிட்டு வேறு வழியைப் பிடித்தார்கள். சூரியன் நம் விண்மீன் கூட்டத்தின் மையத்தைச் சுற்றும் திசையில் பூமியின் ஓட்டமும் சேர்வது ஜூன் தொடக்கத்தில். எதிர்ப்பது டிசம்பர் தொடக்கத்தில். அதனால் கரும்பொருளின் மோதல் எண்ணிக்கை ஜூன் 2ஐ ஒட்டிச் சற்று ஏறி, ஆறு மாதம் கழித்து இறங்க வேண்டும். எந்தத் துகள் தட்டியது என்று கேட்கவேண்டாம், எண்ணிக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றார்கள். கரும்பொருள் எலெக்ட்ரானையும் தட்டக்கூடும் என்பதால் காமா வகையைக் கழிப்பதே தவறு என்பதும் அவர்கள் வாதம். 2 முதல் 6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் வரை எண்ணிக்கை நூற்றுக்கு ஒன்று அளவில் ஏறி இறங்குவதை ஆண்டுக்கணக்கில் காட்டினார்கள். 2018ல் அந்த ஊசல் 12.9 சிக்மா உறுதியோடு இருப்பதாக அறிவித்தார்கள். தற்செயலாக இப்படி வர வாய்ப்பே இல்லை என்று அதற்குப் பொருள்.

ஆனால் தற்செயல் இல்லை என்பதும் கரும்பொருள் என்பதும் ஒன்றல்ல. மேட்டூர் அணையை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். ஆடியில் ஆறு பெருகும். ஐப்பசியில் காற்றின் ஈரம் கூடும். காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு, ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது எத்தனை உண்டு என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்ணிலிருந்து மலைக்குள் இறங்கும் மியூவான் துகள்களின் எண்ணிக்கையும் வட அரைக்கோளக் கோடையில் கூடுகிறது. டாமா குழு ஒவ்வொன்றையும் எடுத்து, இதனால் இல்லை என்று மறுத்தது. இருந்தாலும் தட்டியவன் யார் என்று கேட்கும் உரிமையை முதலிலேயே விட்டுக்கொடுத்த பிறகு, வேறு யாருமில்லை ஆகையால் இவன்தான் என்று சொல்வதைத் தவிர வழியில்லாமல் போகிறது. என் பார்வையில் டாமாவின் பலவீனம் அந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

இங்கேதான் பொட்டாசியம் திரும்ப வருகிறது. பொட்டாசியம்-40 சிதையும்போது நூற்றுக்குப் பத்துப் பதினொன்று தடவை 1460 காமா வரும்; அவற்றில் பெரும்பாலானவற்றில் கூடவே 3.2 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலும் வெளிப்படும். காமா படிகத்தை விட்டுத் தப்பிவிட்டால், மிஞ்சுவது அந்த 3.2 மட்டும். டாமாவின் ஊசல் தெரியும் 2–6 வயலுக்கு நட்ட நடுவே அது வந்து விழுகிறது. 12.5 கிலோ எடையுள்ள ஒரு படிகத்தில் கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் பொட்டாசியம் என்று வைத்துக் கணக்கிட்டேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆயிரம் சிதைவு, அதில் நூறுக்கு மேல் 1460 காமாவோடு வருபவை, அவற்றில் பெரும்பாலானவை இந்த 3.2 வகை. அதன் மினுக்கு எலெக்ட்ரானின் மினுக்குதான், வடிவத்தால் காட்டிக்கொடுக்காது. அதனால் சாட்சி வைத்துப் பிடிக்கிறார்கள். கொரியாவில் நடந்த கோசைன்-100 சோதனையில் படிகங்களைச் சுற்றி 2000 லிட்டருக்கு மேல் மினுக்கத் திரவத்தை நிரப்பினார்கள். தப்பி ஓடும் 1460 காமா அந்தத் திரவத்தில் மினுங்கினால், அதே கணத்தில் படிகத்தில் வந்தது பொட்டாசியம் என்று தெரிந்துவிடும்.

கோசைன்-100, ஸ்பெயினின் கான்ஃப்ராங் சுரங்கத்தில் 112.5 கிலோ படிகத்தோடு 2017ல் தொடங்கிய அனாய்ஸ்-112 இரண்டும் டாமா பயன்படுத்திய அதே பொருளில் அதே ஊசலைத் தேடின. இரண்டும் அதைக் காணவில்லை. 2025ல் இரண்டின் தரவையும் சேர்த்துப் பார்த்த ஆய்வு, 1–6 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் பகுதியில் டாமாவின் ஊசலுக்கு 4.7 சிக்மா அளவில் எதிராக நிற்கிறது. இடையில் கோசைன் குழு இன்னொன்றும் செய்தது. ஆண்டு ஆண்டாகச் சராசரியைக் கழிக்கும் டாமாவின் முறையைத் தங்கள் தரவின்மேல் ஓட்டிப் பார்த்தார்கள். மெல்லக் குறைந்துவரும் பின்னணியிலிருந்து செயற்கையாக ஓர் ஊசல் பிறந்தது. ஆனால் அதன் உச்சம் டாமாவுக்கு நேர் எதிர்ப் பருவத்தில் இருந்தது. விடை கிடைக்கவில்லை என்றாலும் கழித்தல் முறையே ஊசலை உண்டாக்கக்கூடும் என்பது தெளிவானது.

டாமா பக்கம் மிஞ்சியிருக்கும் ஒரே நியாயமான வாதம் ஒளி தணிவைப் பற்றியது. சோடியம் அணுக்கரு உதைபட்டால் அதன் ஆற்றலில் பத்தில் மூன்று பங்கு ஒளியாகத் தெரியும் என்று டாமா எடுத்துக்கொண்டது. பிற்கால அளவீடுகள் பல அதில் பாதி அளவுக்கே வருகின்றன. படிகத்துக்குப் படிகம் இது மாறுமானால், ஒருவருடைய 2 இன்னொருவருடைய 2 ஆகாது. மரக்கால் ஊருக்கு ஊர் மாறிய காலத்துக் கணக்கு வழக்கு மாதிரி. கிரான் சாசோவில் கோசைனஸ் என்ற புதிய குழு இதை நேரடியாகத் தீர்க்கப் பார்க்கிறது. சோடியம் அயோடைடைக் கடுங்குளிரில் வைத்து ஒளியோடு வெப்பத்தையும் அளப்பது அதன் வழி.

வெப்பத்தை அளப்பது ஏன் பெரிய விஷயம் என்பதைக் கிரெஸ்ட் சோதனை காட்டியது. கால்சியம் டங்ஸ்டேட் படிகத்தைத் தனிச்சுழி வெப்பநிலைக்குச் சற்று மேலே, ஒரு கெல்வினில் ஆயிரத்தில் 15 பங்கு வெப்பநிலையில் வைத்தால், ஒற்றைத் துகளின் மோதலே படிகத்தைச் சூடாக்குவதை உணர முடிகிறது. எது மோதினாலும் வெப்பம் முழுக்கணக்கு. ஒளி மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். எலெக்ட்ரானுக்கு 100 என்றால் ஆல்ஃபாவுக்கு 22, ஆக்சிஜன் கருவுக்கு 10, டங்ஸ்டனுக்கு 2 என்ற அளவில். இங்கே குவியல் தேவையில்லை, ஒவ்வொரு மணியையும் தனித்தனியாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அப்படியும் 2011ல் அவர்கள் 67 நிகழ்வுகளை அறிவித்தார்கள். தெரிந்த பின்னணியால் விளக்கமுடியாத மிச்சம் 4 சிக்மாவுக்கு மேல். படிகத்தைப் பிடித்திருந்த உலோகக் கவ்விகளில் ஒட்டியிருந்த பொலோனியம்-210தான் முதல் சந்தேகம். அது ஆல்ஃபாவைக் கவ்விப் பக்கம் விட்டு, ஈயக் கருவைப் படிகத்துக்குள் உதைத்திருக்கலாம். கவ்வியும் மினுங்கும் பொருளாலேயே செய்யப்பட்ட புதிய அமைப்பில் அந்த மிச்சம் வரவில்லை. 2019ல் அவர்கள் 24 கிராம்கூட இல்லாத சிறு படிகத்தில் 30 எலெக்ட்ரான் வோல்ட் வரை இறங்கினார்கள். அங்கே போனதும் ஒளி அறவே மங்கி, இனம் பிரிக்க முடியாத ஒரு புதுக் கூட்டம் எதிரே நின்றது. அந்தக் கூட்டத்தின் மூலத்தை இன்றும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

போல்பி, கிரான் சாசோ, யாங்யாங் மூன்றிலும் நடந்ததை வரிசையில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெரிவது இது. இனம் பிரிக்கும் திறன் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் மங்குகிறது. அந்த மங்கலில் கரும்பொருளைக் கண்டேன் என்று சொல்ல, கலந்திருக்கும் ஒவ்வொரு பதரையும் பெயர் சொல்லி எடுத்து வைத்தவருக்கே தகுதி உண்டு.

நிலத்துக்கடியில் இறங்கித் துகளைத் தேடுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கோலார் தங்கவயலில், வடார்க்காட்டிலிருந்து போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே நெகிழி மினுக்கப் பலகைகளை அடுக்கி, 1965ல் வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை டாட்டா ஆராய்ச்சி நிறுவனக் குழு ஜப்பானிய, ஆங்கிலேயக் கூட்டாளிகளோடு கண்டது. அந்தச் சுரங்கத்துக்கு 1902ல் மின்சாரம் போனது சிவசமுத்திரத்தில் விழும் காவிரி நீரிலிருந்து. நம் வாய்க்கால்களுக்கு வந்துசேரும் அதே ஆறு. 2001ல் தங்கவயல் மூடப்பட்டது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்தக் குகையில் கரும்பொருள் சோதனைக்கும் இடம் ஒதுக்கும் எண்ணம் இருந்தது. மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் அது நிற்கிறது. 2022ல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் மறுப்புச் சொன்னது. மீத்தேன் திட்டத்தை எதிர்த்து நின்ற டெல்டாக்காரனாக, மலையைக் குடைவார்கள் என்றதும் எழும் அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த அச்சத்துக்கு முன்கூட்டியே, ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து, தமிழில் பதில் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன்.

ஜார்க்கண்டின் ஜாதுகுடா யுரேனியச் சுரங்கத்தில் 555 மீட்டர் ஆழத்தில் சாஹா அணு இயற்பியல் நிறுவனத்தின் சிறு ஆய்வுக்கூடம் 2017 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அங்கே மிகைவெப்பத் திரவத்தில் குமிழி எழுவதைக் கொண்டு கரும்பொருளைத் தேடுகிறார்கள். காமாவுக்குக் குமிழி எழாது. ஆல்ஃபாவின் குமிழி வெடிக்கும் ஒலி அணுக்கருவின் குமிழியைவிட உரத்தது என்பது வேறொரு குழு முன்பே கண்டது; எனவே காதாலும் இனம் பிரிக்கலாம். படிகம் வளர்ப்பதும் நம்மிடம் உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் சோடியம் அயோடைடு, சீசியம் அயோடைடு, கடோலினியம் கார்னெட் படிகங்களை வளர்க்கிறார்கள்.

இந்த வேலையில் ஒரு பெரும்பகுதிக்கு மலை வேண்டாம். படிகம் வளர்க்கும் பொடியில் நூறு கோடிப் பங்குக்கு எத்தனை பங்கு பொட்டாசியம் என்று அளப்பதும், முடுக்கியின் நியூட்ரான் கற்றையில் வைத்து ஒளி தணிவை ஆற்றல் ஆற்றலாக வரைவதும் தரைமேலேயே செய்யலாம். குறைந்த ஒளியில் ஆல்ஃபாவும் காமாவும் எந்த இடத்தில் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன என்று பார்ப்பதற்குக் கல்லூரிக் கூடமே போதும். எங்கள் மாணவர்கள் கறுப்புத் தாளின் ஊசித்துளையை இன்னும் சிறிதாக்கி, துடிப்புக்கு 40 புள்ளி வரை இறங்கியிருக்கிறார்கள். இனிமேல் 14க்கு இறங்க வேண்டும். மழைக்காலம் முடிந்து தை பிறந்த பிறகு, காற்று உலர்ந்திருக்கும்போது அதைச் செய்வதாக இருக்கிறோம்.